சாமித் தட்டுக்குப் பின்னால் ஒரு குழாய்

"எழுபது வயது. விதவை. தனியாக வசிப்பவர். ஆங்கிலம் மிகக் குறைவு. பிறர் துணையின்றித் தீர்மானம் எடுக்கத் தயங்குவார். குளிரால் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்."

லண்டனின் தெற்கு ஓரத்தில், மோர்டனில் வசிக்கும் திருமதி தவமலரைப் பற்றி அரசாங்கக் கோப்பொன்றில் இப்படி இருக்கிறது. எழுபது வயது உண்மை. விதவை என்பதும் உண்மை. மிச்சத்தை எழுதியவர் அவருடைய ஒரே மகள் சிவரூபினி. வயதானவர்களின் வீடுகளுக்கு, அறைகளைச் சூடாக்கும் புதுப் பொய்லர் இலவசமாகப் பூட்டிக் கொடுக்கும் திட்டமொன்று அப்போது இருந்தது. அம்மாவை உள்ளபடி வர்ணித்தால் ஒரு மெழுகுதிரிகூடக் கிடைக்காது என்று மகளுக்குத் தெரியும்.

உள்ளபடி என்றால் இதுதான். தவமலரின் ஆங்கிலத்தில் இறந்தகாலம் கிடையாது. ஆனாலும் அதே ஆங்கிலத்தில் அவர் தொலைபேசிக் கம்பனி மேலாளர் ஒருவரை இரண்டு தடவை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். தனியாக வசிக்கிறார் என்பது, தேத்தண்ணி குடிக்க வந்த கடைசிச் சிநேகிதி எழும்பிப் போன பிறகுதான் உண்மையாகும். குளிரைப் பொறுத்தவரை, தை மாதத்தில் காலுறை இல்லாமல், வெறும் ரப்பர் செருப்போடு குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போகிறவர் அவர். காலுறை போட்டால் காலுக்கு மூச்சு முட்டும் என்பது அவருடைய கொள்கை.

தனக்குக் குளிராது, ஆனால் வீடு மட்டும் குளிரக் கூடாது. வரவேற்பறை ரேடியேட்டரில் மோர்மிளகாய் காயும். படுக்கையறை ரேடியேட்டர் வடகத்துக்கு ஒதுக்கப்பட்டது. மூன்றாவதில் எப்போதாவது துணியும் காய்வதுண்டு. வெயிலில்லாத நாட்டில் வெயிலுக்குப் பதிலாக அரசாங்கம் தந்த சாமான் ரேடியேட்டர் என்று அவர் புரிந்துவைத்திருந்தார். அது தவறென்று யாராலும் நிறுவ முடியவில்லை.

தீர்மானம் எடுக்கத் தயங்குவார் என்ற வாக்கியம், அந்த வாக்கியத்தால் கிடைத்த பொய்லர் வந்திறங்கிய நாளிலேயே பொய்யாயிற்று. அது 2008 ஆடி மாதம். பூட்ட வந்தவன் தோமக் என்ற போலந்துக்காரன். வாட்டசாட்டமான உடம்பு, பணிவான குரல். இந்தப் புதுவகைப் பொய்லர் எரியும்போது கொஞ்சம் தண்ணீரும் உண்டாகும், அது வடிந்து போக ஒரு மெல்லிய வெள்ளைக் குழாய் வேண்டும் என்று விளக்கினான். பொய்லர் குசினிச் சுவரில் இருந்தது. பக்கத்தில் ஓர் அலுமாரி. அதற்கு அப்பால் பாத்திரம் கழுவும் தொட்டி. அலுமாரியின் உட்புறமாகக் குழாயைக் கொண்டுபோய்த் தொட்டியின் வடிகாலோடு பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. தோமக் அலுமாரியைத் திறந்தான். உள்ளே பிள்ளையார், முருகன், இலட்சுமி, நயினாதீவு அம்மன், குத்துவிளக்கு, திருநீற்றுப் பெட்டி.

"சாமிக்குப் பின்னால கழிவுத் தண்ணி ஓடுறதோ?" என்று தவமலர் முதலில் தமிழில் தன்னையே கேட்டுக்கொண்டார். பிறகு அவனிடம் திரும்பினார். "நோ தம்பி, நோ. காட். வெரி அங்ரி."

தோமக்கின் தாய் வீட்டிலும் மாதா படம் இருந்திருக்க வேண்டும். அவன் வாதாடவில்லை. வேண்டுமானால் சுவரைத் துளைத்து வெளியே எடுத்து, பின்சுவர் நீளத்துக்கும் ஓட்டி, முற்றத்துக் கழிவுநீர்க் கானில் விடலாம். ஆனால் அது வெயில் படாத பக்கம், குளிர்காலத்தில் உறைந்துவிடும், குழாய் அடைத்தால் பொய்லர் தானாகவே நின்றுவிடும் என்றான்.

"ஆடி மாதத்தில நிண்டுகொண்டு ஏன் இவன் மார்கழியைப் பற்றிக் கதைக்கிறான்?" என்று தவமலர் மகளிடம் கேட்டார். குழாய் வெளியே போயிற்று.

அந்த மார்கழியில் சிவரூபினிக்கு ஆண் குழந்தை பிறந்தது. முதல் பிள்ளைக்குத் தாய் வீடு என்ற வழக்கப்படி அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மோர்டனுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை அங்கேதான் இருப்பாள் என்பது இரண்டு வீட்டுக்கும் இடையிலான ஒப்பந்தம். இரண்டாவது வீடு வெம்பிளியில் இருந்தது. அங்கே மருமகன் ரதீசனின் தாய் கலாவதி ஆட்சி செய்தார்.

பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. விளக்கேற்றுவதில்லை, சாமியைத் தொடுவதில்லை. தவமலர் அலுமாரிக் கதவைச் சாத்தி, கைபிடியில் ஒரு வெள்ளை நாடாவைக் கட்டினார். அந்தப் பக்கம் போகும்போது பார்வையைக்கூட விலக்கிக்கொண்டார். விதியென்றால் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு.

2009 தை முதற்கிழமையில் லண்டன் உறைந்தது. ஒரு விடிகாலை பொய்லர் தொண்டையைக் காறுவது போல இரண்டு மூன்று தரம் சத்தமிட்டுவிட்டு நின்றது. ரேடியேட்டர்கள் ஆறின. வடகம் நமத்தது. வெளியே போய்ப் பார்த்தால், பின்சுவர்க் குழாய் கல்லாகிக் கிடந்தது.

தவமலர் கலங்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு என்ன செய்வதோ அதையே குழாய்க்கும் செய்தார். வேப்பிலை போட்டு மகளுக்குக் கொதிக்க வைத்த தண்ணீரில் மிச்சத்தை அளவாக ஆறவிட்டு, குழாயின் மேல் நெடுக ஊற்றினார். துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார். குழாய் இளகியது, பொய்லர் எரிந்தது. திரும்ப உறையாமலிருக்க இரண்டு பழைய வொயில் சேலைகளை அதில் சுற்றிக் கட்டினார்.

சிவரூபினி படுக்கையறை யன்னலால் எட்டிப் பார்த்தாள். "அம்மா, எனக்கு அரைச்சுத் தாற மருந்துக் காயத்தை அதுக்கும் கொஞ்சம் குடுங்கோவன். உடம்பு தேறும்."

"நீ வாயை மூடிக்கொண்டு படு. காத்து உள்ள போகும்."

அடுத்த நாளும் உறைந்தது. சேலை நனைந்து, குழாயோடு சேர்ந்து அதுவும் விறைத்து நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊற்றினால் எரியும், சில மணி நேரத்தில் நிற்கும். சனிக்கிழமை காலை ரதீசன் வெம்பிளியிலிருந்து காரில் வந்தபோது அவன் கையில் குழந்தையை வைத்துக் கட்டும் கார் இருக்கை இருந்தது. தவமலர் அதைப் பார்த்தார். பார்க்காதது போலக் கோப்பி போட்டார்.

"என்ன மாமி, வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு?"

"ஐஸ்பெட்டியில வைச்சதுதான் தம்பி பழுதாகாது."

"பகிடி விடாதேங்கோ. பிள்ளையின்ர மூக்குத் தொட்டால் குளிருது."

"மூக்கெண்டால் குளிரும்தான். உங்கட மூக்கு என்ன கொதிக்குதோ?"

அந்த நேரம் பார்த்து அவனுடைய கைபேசி அடித்தது. கலாவதி. ஒலியைக் கூட்டித்தான் வைத்திருந்தான். அது தற்செயலாக இருக்கலாம்.

"தம்பி, பிள்ளையை ஏத்தியாச்சோ? இஞ்ச அப்பா பெனியனோட இருக்கிறார், அவ்வளவு சூடு. சம்பந்தி குறை நினைக்க வேண்டாமெண்டு சொல்லு. எல்லாருக்கும் எல்லாம் அமையிறேல்லைத்தானே?"

தவமலர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தார். குழந்தை சில நாள் முன்னதாக வெம்பிளிக்குப் போவதில் உலகம் ஒன்றும் அழிந்துவிடாது. ஆனால் முதல் பேரனை வைத்துப் பார்க்க ஏலாமல் பாதியில் அனுப்பிய வீடு என்று லண்டன் முழுக்க, கிழக்குக் கோடியில் செவன் கிங்ஸ் வரைக்கும், பேச்சுப் போகும். கலாவதி அதைக் கால் நடையாகவேனும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

"மாமி, பின்னேரம் வரைக்கும் பாக்கிறன்," என்றான் ரதீசன். அவன் கெட்டவனல்ல, இரண்டு தாய்மாருக்கு நடுவில் நிற்பவன். "அதுக்குள்ள ஹீட்டிங் ஒழுங்கா வேலை செய்யாட்டி, கொண்டு போறன்."

தவமலர் தொலைபேசியை எடுத்தார். "தம்பி தோமக்? பைப் ஸ்லீப்பிங். பேபி ஹியர். யூ கம்."

மத்தியானம் தோமக் வந்தான். வாயில் பாதி சாண்ட்விச், கையில் கருவிப்பெட்டி. ஆடி மாதத்தில் தான் சொன்னதை அவன் நினைவுபடுத்தவில்லை. சேலை கட்டியிருந்த குழாயைப் பார்த்துச் சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டான். ஒரு மணி நேர வேலை, ஆனால் அலுமாரியைக் காலியாக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் அடுத்த கிழமைதான், ஊரெல்லாம் குழாய் உறைந்து கிடக்கிறது என்றான்.

அலுமாரி. வெள்ளை நாடா. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"நான் தொடேலாது," என்றான் ரதீசன் உடனே. "தகப்பன். எனக்குத்தான் முழுத் துடக்கு."

தோமக் தானே எடுக்கிறேன் என்று முன்னால் வந்தான். துடக்கில்லாத ஆள். ஆனால் சாண்ட்விச்சுக்குள் இருந்தது பன்றி இறைச்சி. "நோ தம்பி," என்றார் தவமலர். "ஈட் பர்ஸ்ட் மிஸ்டேக்."

அடுத்த வீட்டுப் புவனேசனைக் கூப்பிட்டார்கள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காய்வாளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். உறவில்லை, ஆகவே துடக்கில்லை. கம்பளிக் குல்லாவோடு வந்து நின்று நிலைமையைக் கேட்டுக்கொண்டார்.

"செய்யலாம்க்கா. ஆனா நான் இப்பத்தான் ஆட்டுக்கறி சாப்பிட்டுட்டு வர்றேன்."

"சனிக்கிழமையில ஏன் ஐயா ஆட்டுக்கறி?"

"இப்படி ஒரு வேலை வரும்னு யாருக்குத் தெரியும்? வேணும்னா குளிச்சிட்டு வரட்டுமா?"

"குளிச்சால் வெளியாலதான் சுத்தம். உள்ள ஆடு நிக்கும்."

"அப்ப ஆமா, என்னால முடியாது."

ஆண்கள் மூவரும் முன்னறைக்குப் போய் ஆலோசித்தார்கள். ரதீசன் கோவிலுக்கு அடித்து ஐயரைக் கேட்கலாம் என்றான். ஐயர் தொலைபேசியை எடுக்கவில்லை. புவனேசன் இடுக்கியால் தூக்கினால் தொட்டதாகுமா என்ற கேள்வியை எழுப்பினார்; அதில் சட்ட நுணுக்கம் இருப்பதாக அவருக்குப் பட்டது. தோமக் கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளறையிலிருந்து குழந்தை ஒரு தரம் தும்மியது. பிறகு இன்னொரு தரம்.

அவர்கள் குசினிக்குத் திரும்பி வந்தபோது வெள்ளை நாடா தரையில் கிடந்தது. அலுமாரி வெறுமையாக இருந்தது. சாப்பாட்டு மேசையில், குழந்தைக்கென்று வாங்கிய புதுப் போர்வையின் மேல், பிள்ளையாரும் முருகனும் இலட்சுமியும் அம்மனும் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் குளிரக் கூடாதென்று ஒரு பட்டுச் சேலை போர்த்தியிருந்தது. தவமலர் தொட்டியடியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாக்கிறியள்? அவன் வேலையைத் தொடங்கட்டும்," என்றார்.

தோமக் அலுமாரியைத் துளைத்தான். பின்னேரத்துக்கு முன் பொய்லர் எரிந்தது, பிறகு நிற்கவேயில்லை. ரதீசன் கார் இருக்கையைத் திரும்பத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனான்.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தண்ணீர் தெளித்துத் துடக்குக் கழித்தார். வீடு நிறைய ஆட்கள். ரேடியேட்டர்களில் மோர்மிளகாயின் இடத்தைக் குழந்தையின் சட்டைகள் பிடித்திருந்தன. கலாவதி வந்த கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்றினார். பிறகு கம்பளிச் சட்டையையும் கழற்றினார்.

"என்ன சம்பந்தி, இப்பிடிப் புழுங்குது?"

"ஓம், எங்கட வீடு எப்பவும் இப்பிடித்தான்," என்றார் தவமலர். "வேணுமெண்டால் பெனியனோட இருங்கோ."

அவ்வளவில் விட்டுவிடுகிறவரல்ல கலாவதி. குசினிக்குப் போய், முன்பு வந்தபோது சாமி இருந்த அலுமாரியைத் திறந்து பார்த்தார். உள்ளே கத்தரிக்காய்க் கறிச் சட்டிகள். பின்னால் ஒரு வெள்ளைக் குழாய். சாமிகள் வரவேற்பறை மூலையில் புதுத் தட்டொன்றில் இருந்தார்கள்.

"சாமி இடம் மாறியிருக்கு. துடக்குக்குள்ளயோ மாத்தினது? ஆர் தொட்டது?"

சிவரூபினி குழந்தையின் தொப்பியைச் சரி செய்தாள். ரதீசன் யன்னலால் வெளியே பார்த்தான்.

"புவனேசன்தான்," என்றார் தவமலர், பயற்றம்பணியாரத் தட்டை நீட்டியபடி. "நல்ல மனுசன். குளிச்சு முழுகி, பச்சைத் தண்ணி பல்லில படாமல் வந்து தூக்கித் தந்தவர்."

எல்லோரும் புவனேசனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் நிறையப் பணியாரம். "ஆமா, ஆமா," என்று தலையை ஆட்டினார். கலாவதி அவருக்கு இரண்டாவது தட்டு கொண்டுவரச் சொன்னார். ஐயர் அவரை ஆசீர்வதித்தார். சனிக்கிழமைகளில் அவர் மரக்கறிதான் சாப்பிடுவார் என்று அன்றிலிருந்து ஒரு நம்பிக்கை மோர்டன் தமிழர் மத்தியில் உண்டு. அவரும் அதை மறுத்ததில்லை.

துடக்குக் கழிய நாட்கள் கிடக்க, நாடாவை அவிழ்த்து, சாமிப்படங்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் தூக்கி மேசையில் வைத்தவர் தவமலர்.