ஆறு மணிக்கு எரியும் பச்சைப் புள்ளி

ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் ஞாயிறுதோறும் இரண்டு கட்சிகள் கூடும். அரசியல் இல்லை. டிவியில் செருகி ஆடும் கேம் பெட்டிகளில் இரண்டு கம்பெனி. ஒன்றுக்கு நீலம், மற்றதற்குப் பச்சை. நீலக்காரர்கள் கதை பார்த்துக் கண்ணைக் கசக்குகிறவர்கள் என்பார்கள் பச்சைக்காரர்கள். பச்சைக்காரர்களுக்குச் சுடுவதைத் தவிர ஒரு எழவும் தெரியாது என்போம் நாங்கள். நான் நீலம். வாய்த்துடுக்கில் கட்சித் தலைவனே நான்தான். பச்சையில் ஒருவன், மைசூர் மைன்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரன், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் நண்பன்.

அவன் இணையத்தில் அணி சேர்த்து ஆடும் ஆட்டம் பச்சைப் பெட்டியில் மட்டுந்தான் ஓடும். வந்து சேர்ந்துகொள் என்று பலமுறை கேட்டான். கட்சி மாறுவதா? எல்லோர் முன்னாலும் கிண்டலடித்து அனுப்பினேன். ஆசை மட்டும் விடவில்லை. திருட்டுத்தனமாகப் பச்சைப் பெட்டி வாங்கி, ஆண்டர்சன்பேட்டையில் என் அறையில் ஒளித்துவைத்து, பொய்ப் பெயரில் அவன் அணியில் சேர்ந்தேன். குரல் காட்டிக்கொடுக்குமே என்று மைக்கை அணைத்துவிட்டேன். யாரோ ஊமை வெளியூர்க்காரன் என்று நினைத்து தினமும் ஆறு மணிக்கு என்னை அழைத்துக்கொள்வான். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே பேச்சுவாக்கில் சொன்னான்.

"எனக்கு ஒரு ஃப்ரெண்டு கீறான் பிரதர், நீலம். வாய்தான் ஜாஸ்தி. அவன் மட்டும் இங்க வந்தான்னா நம்மள யாரும் அடிச்சிக்க முடியாது."

மைக் பொத்தானில் விரலை வைத்தேன். வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சொல்லி அவனை அசத்தலாம் என்று விரலை எடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு வருவதற்குள் அவனுக்குக் காய்ச்சல். ஐந்தே நாளில் போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுநாள், ஏனென்று தெரியாமல் பெட்டியைப் போட்டேன். மணி ஆறு. அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆள் உள்ளே இருக்கிறான் என்பதற்கு அடையாளம் அது. சட்டென்று பெட்டியை அணைத்தேன். மறுநாளும் எரிந்தது, அதற்கு மறுநாளும். அழைப்பு இல்லை, சத்தம் இல்லை. ஒரு மணி நேரம் எரியும், பிறகு அணையும். பேயை நம்புகிறவன் இல்லை நான். ஆனாலும் பயந்துகொண்டே தினமும் போட்டேன். ஒருநாள் அது எரியாமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பொறுக்கமாட்டாமல் ஒரு மாலை அவன் வீட்டுக்கே போனேன். சுரங்கம் மூடும்வரை அதில் இறங்கிய அவன் அப்பா டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திரையில் அவன் பெயர் எரிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்தார்.

"ஷிப்டுக்கு எறங்குறப்ப டோக்கன் குடுப்பாங்க. அது திரும்பி வர்ற வரைக்கும் ஆளு கீழதான் கீறான்னு வச்சிக்குவாங்க. இதப் போட்டா எம்புள்ள பேரு எரியுது. அதான் போடறேன்" என்றார்.

பிறகு பட்டியலில் இன்னொரு பெயரைக் காட்டினார். என் பொய்ப் பெயர். அதன் பக்கத்தில் புள்ளி இல்லை.

"டெய்லி இவரும் வந்துடுவாரு. ஒரு வார்த்த பேசமாட்டாரு. எம்புள்ள வருவான்னு காத்துக்கினு கீறாரு போல. இன்னிக்கு இன்னும் காணோம். யாருன்னு தெரியுமாப்பா உனக்கு?"

"நான் நீலக் கட்சி அங்கிள். எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்தப் பேசாதவர் பெயர் எரியுமா என்று ஏழு மணிவரை பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.