சுக்கான் கலந்த மண்

ஸ்ரீரங்கத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குச் சிற்பம் சொல்லித்தரும் ஒரு வகுப்பில் மண் பிசைகிற வேலை எனக்கு. படிப்பு பத்தாவது. நாலு பேர் இருக்கிற இடத்தில் குரல் எழும்பாது. மண்ணோடு மட்டும் இருந்தால் போதும் என்றுதான் பொன்மலையிலிருந்து தினமும் பஸ் ஏறினேன்.

சின்ன உருவங்களுக்குக் கடையில் விற்கிற பாக்கெட் களிமண் போதும், காய்ந்தாலே இறுகிவிடும். சூளையில் சுட வேண்டியவற்றுக்கு முசிறிப் பக்கத்து வண்டலைக் கரைத்து, துணியில் வடிகட்டி, வாளியில் வைத்திருப்பேன்.

ஒரு நாள் சார் எங்கோ வயலிலிருந்து இரண்டு மூட்டை கருமண் கொண்டுவந்தார். துளி எடுத்துக் கடித்தேன். நெறநெறத்தது. கடுகளவில் வெள்ளைச் சுக்கான் கற்கள். அதோடு சுட்டால் கல் உள்ளேயே சுண்ணாம்பாகிவிடும். பொருள் சூளையிலிருந்து முழுசாகத்தான் வரும். பிறகு சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேல்பரப்பைப் பெயர்த்துத் தள்ளும்.

"சார், இதுல சுக்கான் இருக்கு. வடிகட்டாம சுட வேணாங்க."

"பாருங்கப்பா, ஆயாம்மா மண்ணத் தின்னே டெஸ்ட் பண்ணிட்டாங்க! மத்தியானம் சாப்பாடு மிச்சம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். பிளஸ் டூ முடித்திருந்த ஒரு பெண், "இன்னும் கொஞ்சம் டிபன் பாக்ஸ்ல போட்டுக் குடுத்துடலாம் சார்" என்றாள். கவின்கலைக் கல்லூரி நேர்காணலுக்காகத் தன் அம்மாவின் முகத்தைச் செய்ய இருந்தவள் அவள்.

மறுநாள் என்னிடம் வந்தாள். முந்தின நாள் பேசியது அவளுக்கு நினைவிலேயே இல்லை.

"ஆன்ட்டி, இன்டர்வியூவுக்கு எந்த மண்ணு எடுக்கட்டும்?"

வடிகட்டிய வண்டல் என் காலடியில் வாளி நிறைய இருந்தது.

"சார் கொண்டாந்ததே நல்லாருக்கும்மா. அதையே எடுத்துக்க."

மூன்று வாரம் செய்தாள். மூக்குத்தி, ஒரு பக்கமாகச் சிரிக்கிற வாய், எல்லாம் அப்படியே வந்தது. இரவில் காயாமலிருக்க அதன்மேல் ஈரத்துணி போர்த்துவிட்டுப் போவது நான்தான். ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லியிருக்கலாம்.

சூளையிலிருந்து பழுதில்லாமல் வந்தது. "எங்க ஆயாம்மா உங்க சுக்கான்?" என்றார் சார்.

நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் மூக்கு நுனி இல்லை. கன்னத்தில் மூன்று குழி. கீழே விரித்த பேப்பரில் சில்லுகள் கிடந்தன.

"ஈரக் கையால தொட்டியா?" சார் கத்தினார்.

"இல்ல சார்... தெரியல... தொட்டிருப்பேன்."

குழி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. சாரும் அதைக் கண்டுவிட்டார். என் பக்கம் திரும்பவில்லை.

"ஏன் ஆன்ட்டி இப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ சரியா காய வைக்கலம்மா."

தலையாட்டினாள். அவள் நேர்காணலுக்குப் போகவில்லை. வகுப்புக்கும் பிறகு வரவில்லை. மீதி மூட்டையை வடிகட்டி வைக்கும்படி சார் மெதுவாகச் சொன்னார். வடிகட்டினேன்.