கைக்கு எட்டாத இடம்

காக் கல்சோமுக்கு ரோஷம் அதிகம். மலாயில் அக்காவைக் 'காக்' என்போம். பிடோக் அடுக்குமாடியில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஆனாலும் ஒரு கை உப்புக்குக்கூட என் கதவைத் தட்டமாட்டாள். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். இடுப்பில் மாட்டிய பம்பிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மருந்து தோலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாய் நுழையும் இடத்தை மாற்ற வேண்டும்.

அக்காள் மஸ்னா கூட இருந்தவரை அவள்தான் இடுப்பின் பின்புறச் சதையில் பொருத்திவிடுவாள். மஸ்னா மகனோடு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டாள். பிறகு இவள் கை எட்டுகிற வயிற்றில், அதுவும் வலிக்காத அதே இரண்டு இடத்தில், மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டாள். அங்கே சதை கட்டிதட்டிப்போனதால்தான் வலிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பம்ப் மருந்தை அனுப்பும், உடம்பு வாங்கிக்கொள்ளாது.

சர்க்கரை ஏறிப் பம்ப் அலறினால் அதனோடு பேசுவாள். "கேட்டுச்சு, கேட்டுச்சு, வாயை மூடு!" சுவர் வழியாக எனக்குக் கேட்கும். அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை அலறல் நிற்கவே இல்லை, அவள் குரலும் வரவில்லை. பதறிப்போய்க் கதவைத் தட்டினேன். உதடு காய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையெல்லாம் பிடுங்கிப் போட்ட குழாய்கள்.

"என்ன காக் இது?"

"சர்க்கரை பதினெட்டு. பத்தைத் தாண்டவே கூடாது. இறங்கவே மாட்டேங்குது. குழாய் மடங்கிடுச்சோன்னு மாத்தி மாத்திப் போடுறேன். பிடுங்கிப் பார்த்தா நேராத்தான் இருக்கு."

"ஆஸ்பத்திரி நர்ஸைக் கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

"வயித்தைத் தொடவே கூடாதாம். பின்னாடி போடணுமாம்."

"போட வேண்டியதுதானே?"

"யாரு போடுவா? இந்தச் சுவரா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பக்கத்து வீட்டுல நான் என்ன செத்தா போயிட்டேன்? திரும்புங்க அந்தப் பக்கம்!"

முதலில் பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசியால் தொடையில் மருந்து போட்டுக்கொண்டாள். பிறகு புதுக் குழாயை என்னிடம் நீட்டினாள். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"மீன் வெட்டுற கைதானே? இதுக்கா தயங்குது?" என்றாள். அந்த நிலைமையிலும் கிண்டல்!

பொருத்தினேன். ஊசியை உருவியதும் குழாய் முனையில் உண்டான வெற்றிடம் நிரம்ப, பம்பை அழுத்தித் துளி மருந்து விட்டாள். மதியத்துக்குள் ஒன்பதுக்கு இறங்கியது. மறுநாளும் ஏறவில்லை. யா அல்லாஹ், எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்தமுறை மாற்ற அவளே என் கதவைத் தட்டினாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு, சமையலறை மேசையைப் பிடித்துக் குனிந்து நின்றாள். பொருத்திவிட்டு, பசை பிடிப்பதற்காக ஒட்டுப்பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"ஒட்டிடுச்சு, காக்."

"தெரியும்." அவள் திரும்பவில்லை. "மஸ்னா போனப்புறம் என்னை ஒருத்தரும் தொட்டதில்ல, ரோகையா. கொஞ்ச நேரம் கையை எடுக்காத."

அடுப்பில் சோறு அடிபிடிக்கும் வாசனை வந்தது. நான் கையை எடுக்கவில்லை.