ஐந்து மாதம் வீட்டிலிருந்த டிரைவர்

அந்த டிரைவரை எல்லாரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் நாலு விரல். லாரி கேபினில் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கை அவனை மாதிரி ஆளை நினைத்துச் செய்ததில்லை. பதினொரு வருடம் அதில் காலை மடக்கிப் படுத்ததில், வீட்டுக் கட்டிலில் படுத்தாலும் முட்டி வயிற்றில் வந்து இடிக்கும்.

"காலை நீட்டுங்க. இது நம்ம வீடுதான்" என்று மனைவி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் மாதத்தில் மூன்று நாள்தான்.

வேலை பெரிய கம்பெனியில். இருநூறு வண்டி ஓடுகிற இடம். சம்பளம் ஒரு நாள் பிந்தாது, உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரிச் செலவும் அவர்களுடையது. அதற்கு விலை, மூன்று வாரம் ரோட்டில் கிடப்பது. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற பக்கத்து லைன் அங்கேயும் இருந்தது. ஆனால் அது சீனியாரிட்டிப்படி. அந்த லைனுக்கு மூன்று வண்டிதான்; அதைக் கேட்டவர்களின் பட்டியலை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருப்பார்கள். நெட்டை நாலாவது ஆள். முன்னால் இருந்த மூன்று பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். ஒருத்தருக்கு ஓர் இருமல்கூட வந்ததாகத் தெரியவில்லை.

இருக்கட்டும் என்று அவனும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். ஒரே மகள், எட்டு வயது. ஒரு தடவை அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியிலிருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு, "உக்காருங்க" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் மெதுவாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"அம்மா, அவங்க துண்டு கேக்குறாங்க."

அப்பா இல்லை, அவங்க. பிள்ளை எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். மரியாதை கொடுத்தாளே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பதினாலு வண்டி வைத்திருக்கிற சின்னக் கம்பெனி ஒன்று ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டான். கோடவுனிலிருந்து கடைகளுக்குச் சோப்பும் பிஸ்கட்டும் ஏற்றுகிற வேலை. பொழுது சாய்ந்தால் வீடு. அந்த வாரமே பார்க்கப் போனான்.

ஒரு கம்பெனி நிலைக்குமா என்று டிரைவர்கள் பார்க்கிற விதம் வேறு. ஆபீஸ் கண்ணாடிக் கதவைப் பார்த்து மயங்க மாட்டார்கள். நேராக ஷெட்டுக்குப் போய்க் குனிந்து டயரைப் பார்ப்பார்கள். முதலாளிக்குக் கையைக் கடித்தால் முதல் அடி டயருக்குத்தான். மொட்டை டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டச் சொல்லுவான். நெட்டை பதினாலு வண்டியையும் சுற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். அத்தனையும் புதுசு. வண்டிக்கெல்லாம் புதுப் பெயின்ட் வேறு.

பெரிய கம்பெனியில் அவனுக்கு மூத்த டிரைவர் ஒருவர். பெருசு என்று பெயர். அவர் விடுவதாயில்லை.

"பதினோரு வருஷ சீனியாரிட்டிய குப்பையில போட்டுட்டுப் போறியேடா! பொண்டாட்டி பின்னாடியே சுத்தப் போறியா?"

"டயரப் பாத்தேண்ணே. ஸ்டெப்னிகூடப் புதுசு."

பெருசு வாயிலிருந்த பல்குச்சியை எடுத்தார். "ஸ்டெப்னிகூடவா? அப்ப பசையுள்ள பார்ட்டிதான். போ, போய்ப் புள்ளையோட இரு."

போனான். இருந்தான்.

முதல் மாதம் மகளிடம் அதே மரியாதை. இரண்டாம் மாதம் வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏழெட்டு எவ்ளோ, சொல்லுங்க பாப்போம்."

"ஐம்பத்திநாலு."

"ஐம்பத்தாறு! இதுகூடத் தெரியாம எப்படி லாரி ஓட்டுறீங்க?"

"லாரி கணக்கெல்லாம் கேக்காதும்மா. டீசல்தான் கேக்கும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாம் மாதம் ஏதோ பென்சில் தகராறில், "போப்பா!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் ஷெட்டில் பார்த்தவனிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தான் நெட்டை. கேட்டவர்கள் இவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள். அந்த மாதத்தில் எப்போதோ அவன் காலும் கட்டிலில் நீண்டுவிட்டது. அதை மனைவிதான் கவனித்தாள்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, ஷெட்டில் முன்பின் தெரியாத நாலு பேர் வண்டி வண்டியாக நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி டிரைவர்களைக் கூப்பிட்டார்.

"வண்டி எல்லாத்தையும் வித்தாச்சுப்பா. வாங்க ஆள் கிடைக்கவே ஆறு மாசம் ஆச்சு. என்னால முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

நெட்டை வாயிலிருந்து அது தானாக வந்தது. "அப்ப அந்த டயரெல்லாம்?"

"மொட்டை டயரோட நிறுத்தி வச்சா எவன்பா வாங்குவான்?"

விற்கப்போகிற வண்டிக்குத்தான் பெயின்ட் அடித்துப் புது டயர் மாட்டுவார்கள். இது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். நெட்டைக்கும் தெரியும். ஒரு வண்டி என்றால் அவனே விரல் நீட்டிச் சொல்லியிருப்பான். மொத்தக் கம்பெனியும் அப்படி நிற்கும் என்று அவனுக்கு மட்டுமல்ல, பெருசுக்கும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் அலைந்தான். சாயங்காலம் வீட்டுக்கு விடுகிற வேலை எங்கேயும் இல்லை. கடைசியில் பெருசுதான் மேனேஜரிடம் பேசிப் பழைய கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார். பட்டியலில் இப்போது முப்பத்தெட்டாவது ஆள், கடைசிப் பெயர். புதுசாகச் சேர்ந்தவனுக்குத் தூரத்து லைன்தான். ஐந்து வாரம் ரோடு, இரண்டு நாள் வீடு. ஆபீஸில் நின்றபோது, அவன் விலகிப் போன மூன்றாம் மாதமே பட்டியலின் முதல் ஆள் முதுகுவலி என்று ஓய்வு வாங்கிக்கொண்டதைச் சொன்னார்கள்.

மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவன் பையில் துணியை மடித்து வைத்தபடி, "முன்னெல்லாம் நீங்க போனா அவ விளையாடிக்கிட்டு இருப்பா" என்றாள். பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மகள் வாசல்வரை வந்தாள். அழவில்லை.

"அப்பா, போன் பண்ணாதீங்க."

"ஏம்மா?"

"போன்ல பேசினா நீங்க பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு. அப்புறம் வச்சிடுறீங்க."

அவன் தலையை ஆட்டினான். வாயைத் திறந்திருந்தால் வண்டி எடுத்திருக்க மாட்டான்.

அவள் சொன்னபடியே அவளுக்குப் போன் பண்ணவில்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு, அவள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் பார்த்து, வண்டியை ஓரம் கட்டி மனைவியிடம் பேசுவான். நேற்று என்ன சாப்பிட்டாள், பல் ஆடிக்கொண்டிருந்ததே விழுந்ததா, யாரோடு சண்டை என்று ஒன்றுவிடாமல் கேட்டுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவதில்லை. அன்று அவள் நாள் முழுக்க வீட்டில் இருப்பாள்.