குமிழில் இருந்த கை

அவரை ஊரே ‘வால்யூம்’ என்றுதான் கூப்பிடும். மைக் செட் போடுகிறவர். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் ஒலிபெருக்கி கட்டுவார்; மனதைக் கொடுத்தது மட்டும் மாநிலத்தை ஆளும் தலைவர் ஒருவருக்குத்தான். அந்தப் பேச்சை ஹெட்போனில் கேட்பது அவருக்கு வேலை அல்ல, வரம்.

ஒரு தேர்தலின்போது சந்தைப் பக்கம் கூட்டம். சாலையைத் தோண்டிப் போட்டு மூடாமலே விட்டிருந்தார்கள். கூவிக் கலைக்க வேண்டும் என்றே ஜனங்கள் வந்திருந்தார்கள். தலைவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“கோபமா இருக்கீங்க. இருக்க வேண்டியதுதான். அந்தக் கோபத்தை என்கிட்ட குடுங்க. நான் தலைநகரத்துக்குக் கொண்டு போறேன்.”

திட்ட வந்த வாய்கள் விசிலடித்தன. வால்யூமுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இவர் மனுஷனா மந்திரவாதியா என்று வாய் பிளந்தார். குழி சாலையில் அப்படியே கிடந்தது. கோபம் மட்டும் ரயிலேறித் தலைநகரம் போய்விட்டது. தலைநகரத்து மத்திய அரசு பணம் தராமல் இழுத்தடிப்பது நிஜம்தான், அதை மறைப்பானேன். அந்தப் பாதி நிஜத்தின் முதுகிலேறி மீதியும் ஊர்வலம் போனது.

அன்றிலிருந்து ‘தலைநகரம்’ என்ற சொல் வரும்போதெல்லாம் வால்யூமின் விரல் தலைவரின் மைக்குக்கான ஒலிக் குமிழைக் கொஞ்சம் ஏற்றும். மேடையில் இன்னொரு மைக் இருந்தால், ஒலிபெருக்கி ஊளையிடாதிருக்க இடது கை அதன் குமிழை இறக்கும்; இறக்கினாலும் அவர் ஹெட்போனில் மட்டும் அது கேட்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கூட்டம் அந்தச் சொல்லுக்குத்தான் கிறங்குகிறது என்று கையே கண்டுகொண்டது.

தையல் கடையில் துணி வெட்டும் அவர் மனைவிக்கு இந்தக் கிறக்கமெல்லாம் கிடையாது. மகள் நிறைமாதமாக வீட்டில் இருந்தாள். தெருமுனையில் பிரசவ ஆஸ்பத்திரி, கட்டி முடித்து, வர்ணமும் அடித்து, பூட்டிக் கிடந்தது. கட்டியது தலைவரின் ஆட்சி. டாக்டரை நியமிக்க வேண்டியதும் அவர்கள்தான். அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன மழையில் பாலத்திலேயே, வண்டிக்குள் பிரசவமானது. பிள்ளை தங்கவில்லை.

“உங்க தலைவர் நம்ம தெருவுக்கு வர்றாராமே. ஆஸ்பத்திரியை எப்போ திறப்பீங்கன்னு கேக்கப் போறேன்.”

“கேளேன். வழி பண்ணாம போக மாட்டாரு. பெரிய மனுஷன்,” என்றார் வால்யூம். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

கூட்டத்தன்று ஜனங்கள் கேள்வி கேட்க ஒரு மைக்கைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். வால்யூம் அதைத் துடைத்து, மனைவியின் உயரத்துக்குச் சரிசெய்து வைத்தார். அவள் வந்து நின்றாள். வீட்டில் தொண்டை கிழியக் கத்துகிறவள், அங்கே நிதானமாகப் பேசினாள்.

“ஐயா, எங்க பொண்ணுக்கு எந்த நேரமும் வலி வரலாம். ஆஸ்பத்திரி பூட்டியிருக்கு. எப்போ திறப்பீங்க?”

தெருவே அவள் பக்கம் திரும்பியது. இவளா என் பெண்டாட்டி என்று வால்யூம் மலைத்தார்.

தலைவர் மெல்லக் கண்ணைத் துடைத்தார்.

“இந்தத் தாயோட கண்ணீர் என்னைச் சுடுது. ஆனா இதைக் கேக்க வேண்டிய இடம் நான் இல்ல. தலைநகரம்.”

வலது கை ஏற்றியது. இடது கை இறக்கியது. தெரு அதிர்ந்தது. கைதட்டல் ஓய்வதற்குள் தலைவர் கும்பிட்டுவிட்டு வண்டியேறிவிட்டார். மனைவியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

அதற்குப் பிறகுதான் வால்யூம் தன் கைகளைக் குனிந்து பார்த்தார்.

ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்தாள்.

“பூட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு, தலைநகரத்துலயா இருக்குன்னு உங்க தலைவர்கிட்ட கேட்டேன். யாருமே திரும்பிப் பாக்கலை. மைக் கெட்டுப் போச்சா?”

“இல்ல. எனக்குக் கேட்டுச்சு.”

“உங்களுக்கு மட்டுமா?”

அவர் கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு குமிழ்களைப் பார்த்தாள். வீட்டில் மகள் தனியாக இருக்கிறாள் என்று வேகமாக நடந்தாள்.