லூர்து அக்கா படுத்துப் பார்த்த இடங்கள்

இதை யாரிடமும் காட்டாதீர்கள். வேளாங்கண்ணிக்கு நம்மோடு நடந்த அக்காமார்களுக்கும் அத்தைமார்களுக்கும் மட்டும்தான் எழுதுகிறேன். படித்ததும் அடுத்தவரிடம் கையில் கொடுங்கள். போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை என் அப்பாவின் கண்ணில் இது படக் கூடாது. எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூர்து அக்கா இறந்த செய்தி வந்தபோது, அப்பா எங்கள் வாசலில் நடைபயணத்தில் நாம் தள்ளிக்கொண்டு போகும் சின்ன மாதா தேருக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் தம்பி போன் செய்தார். அப்பா கேட்டுவிட்டு, "லூர்து போயிடுச்சி" என்று எங்களைப் பார்க்காமலே சொன்னார். பிறகு பிரஷ்ஷை எடுத்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தார். நீல டப்பாவில் முக்க வேண்டியதை வெள்ளை டப்பாவில் முக்கினார். அது தெரியாமலே தேரின் ஒரு பக்கம் முழுக்க அடித்துக்கொண்டு போனார். அம்மா போய் அவர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்தார். காய்ச்சல் என்றுதான் அக்காவைச் சேர்த்திருந்தார்கள். வந்துவிடுவார் என்றே நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

அப்பாவுக்கும் அழுகை இருந்தது. இதை நான் முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பும்போது அவர் சொன்னதை நீங்கள் எல்லாரும் கேட்டீர்கள்.

"இந்த வருஷம் நடைபயணத்துக்குப் பொம்பளைங்க வேணாம். தங்கறதுக்கு இடம் பாக்க ஆளில்ல. வழியில ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா நாந்தான் பதில் சொல்லணும்."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேஷனுக்குப் போறப்பவே நடந்து வர்றேன்னு மாதாகிட்ட சொல்லிட்டேங்க" என்றார்.

"பஸ்ல வந்தா மாதா வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாங்களா? பேசாம வா."

ஆனால் அம்மா போன வருடம் நடந்தபோது கட்டிய காவிப் புடவையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்திருக்கிறார்.

திண்டிவனத்தில் அக்கா வேலை பார்த்த துணிக்கடையில் நாள் முழுக்க உட்காரக் கூடாது. "வருஷம் பூரா நிக்க வச்சிட்றானுங்க. நடக்கிறதுதாண்டி எனக்கு லீவு" என்பார். நாம் கிளம்புவதற்கு முந்தைய மாதம், வார விடுமுறை வரும்போதெல்லாம் பஸ் ஏறி, நாம் தங்கப்போகும் ஊர்களுக்கு முன்கூட்டியே போய் வருவார். விழுப்புரம், பண்ருட்டி, வடலூர், சிதம்பரம் என்று ஒவ்வொரு ஊராகப் பார்த்து முடிப்பார். மற்றவர்கள் போனில் பேசி முடிக்கும் வேலை அது. அக்கா மட்டும் நேரில் போய்த் தரையில் படுத்துப் பார்க்காமல் எந்த இடத்துக்கும் சரி சொன்னதில்லை.

பண்ருட்டிப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு நானும் துணைக்குப் போனேன். மண்டபக்காரர் மின்விசிறியைக் காட்டினார், தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார், மைக் செட்டுக்குப் பிளக் இருப்பதைக்கூடக் காட்டினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். என்னை வெளியே நிறுத்தியிருந்தார்.

"தள்ளு பாப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தள்ளினேன்.

"தடவிக்கினு இருக்காத. குடிச்சிட்டு வந்தவன் மாதிரி தள்ளு."

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். தாழ்ப்பாள் கழன்று விழ, கதவோடு நானும் உள்ளே போய் விழுந்தேன். அக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு மண்டபக்காரரிடம், "ரொம்ப நல்ல மண்டபங்க. ஆம்பளைங்கள இங்க போட்டுடலாம்" என்றார்.

பெண்களுக்கான இடத்தை அடுத்த தெருவில் ஒரு அம்மாவிடம் கேட்டு வாங்கினார். திரும்பி வரும் பஸ்ஸில் காரணம் சொன்னார். "ஆம்பளகிட்ட கேட்டா இடம் குடுப்பான். பொம்பளகிட்ட கேட்டாதான் கக்கூஸ் சாவியும் சேத்துக் குடுப்பா." பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா குரலைக் குறைக்கவில்லை.

நம்மில் பலர் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் நடந்த வருடங்கள் உண்டு. தங்கும் இடத்தில் எங்கே ஒதுங்குவது என்று தெரியாததுதான் காரணம். அப்படி ஒரு வருடம் சேத்தியாத்தோப்பைத் தாண்டியதும் அம்மா ரோட்டிலேயே மயங்கி விழுந்தார். ஆண்கள் அதை விரதம் என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். அக்கா அம்மாவின் வாயில் பாட்டிலை வைத்துக்கொண்டே சொன்னார்: "இது விரதம் இல்ல. பயம். பயத்த எதுக்கு மாதாகிட்ட தூக்கிக்கினு போறீங்க?" அடுத்த வருடம்தான் அவர் இடம் பார்க்கும் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

போன வருடம் சீர்காழியில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அக்கா பார்த்து வைத்த வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள். அப்பா அவசரத்தில் ஒரு மண்டபத்தைப் பேசி முடித்தார். பெண்கள் படுக்கும் அறைக்குத் தாழ்ப்பாளே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நாங்க வெளியில படுத்துக்கினுதான இருக்கோம்" என்றார் அப்பா. அக்கா நம்மில் நாலு பேரைக் கூப்பிட்டு, வாசலில் நின்ற மாதா தேரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டார். இரவு ஜெபம் சொல்ல வந்த ஆண்கள் தேரைக் காணாமல் கதவைத் தட்டினார்கள்.

"மாதா எங்க லூர்து?"

"உள்ள பொம்பளைங்களோட படுத்துக்கினு இருக்காங்க. காலையில வருவாங்க."

ஆண்கள் வெற்றுச் சுவரைப் பார்த்து ஜெபம் சொன்னார்கள். நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு நன்றாகத் தூங்கினோம். அப்பா மட்டும் வேளாங்கண்ணி போய்ச் சேரும்வரை அக்காவிடம் பேசவில்லை. அக்காவும் அதைக் கண்டுகொள்ளாமல், தினமும் அவர் காலுக்குத் தைலம் கொடுத்து அனுப்பினார்.

இந்த வருடம் அக்கா சிதம்பரம்வரை பார்த்து முடித்துவிட்டார். காய்ச்சல் வந்தது அதற்குப் பிறகுதான். காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் எப்போதும் தங்கும் இடங்கள்தான். அங்கே உள்ள அம்மாக்களுக்கு நானே போன் செய்து கேட்டுவிட்டேன், வரச் சொல்கிறார்கள். மீதி இருந்தது சீர்காழி ஒன்றுதான். அங்கே இடம் இல்லாவிட்டால் அப்பா சொன்னதுதான் நடக்கும். நீங்களும் அம்மாவும் பஸ்ஸில் போக வேண்டியதுதான்.

போன சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, யூனிபார்மோடு விழுப்புரம் போய் மயிலாடுதுறை ரயில் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. எதிரில் யார் வந்து உட்கார்ந்தாலும் அப்பாவுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்களோ என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். சீர்காழியில் போன வருடம் நாம் தங்கிய அந்த மண்டபத்துக்குப் பின்னால் ஒரு மாவு மில் இருந்தது. மில்லை நடத்துகிற அம்மா தலையெல்லாம் மாவோடு நின்றுகொண்டிருந்தார். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ரயிலில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. நேராக, "நாங்க நடைபயணம் வர்றவங்கம்மா. பொம்பளைங்க ராத்திரி கக்கூஸ் போவணும்னா இங்க எங்க போறது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "தங்க இடம் இருக்கான்னு கேக்கல, எடுத்ததும் இதைக் கேக்கிற. நீ லூர்து ஊருப் பொண்ணா?"

போன வருடம் காலையில் முகம் கழுவ வந்தபோதே அக்கா அவரிடம் பேசி வைத்திருக்கிறார். மில்லுக்குப் பின்னால் உள்ள குடோனை அடுத்த வருடம் கொடுப்பதாக அவரும் சொல்லியிருக்கிறார். "அவ ஏன் வரல? பஸ்ல தூங்கி நாகப்பட்டினம் போயிட்டாளா?" என்றார். நான் சொன்னேன். அவர் அரிசி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்ததில் மாவு முகமெல்லாம் பரவியது.

"சரி, வா. வந்து படுத்துப் பாரு. பாக்காம லூர்து ஒத்துக்க மாட்டாள்னு எனக்குத் தெரியும்."

குடோனுக்கு இரும்புக் கதவு. தாழைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்தேன். வெளியே நின்று தள்ளுவதற்கு என்னோடு யாரும் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் கேட்கும் முன்பே அந்த அம்மாவே தோளைக் கொடுத்து மோதினார். மறுபடியும் மோதினார். கதவு அசையவில்லை. அக்காவைக் கல்லறையில் வைத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தரையில் படுத்துக்கொண்டுதான் அழுதேன். அந்த அம்மா நான் எழுந்து வரும்வரை வெளியே காத்திருந்து, பிறகு கழிவறையைத் திறந்து காட்டி, தண்ணீர் வருகிறதா என்று என்னையே பைப்பைத் திறந்து பார்க்கச் சொன்னார்.

அக்காவின் போட்டோவோ பொருளோ என்னிடம் எதுவும் இல்லை. எந்த ஊரிலும், யாருக்கு முன்னாலும், குரலைக் குறைக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பது மட்டும்தான் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா நடப்பவர்களின் பெயர்களைக் கேட்பார். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று பெயர் கொடுங்கள். இடம் இல்லை என்று அவர் சொன்னால், வேளாங்கண்ணிவரை இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். யார் பார்த்தது என்று கட்டாயம் கேட்பார். சீர்காழியையும் லூர்து அக்கா முன்னாடியே பார்த்து வைத்தார் என்று சொல்லச் சொல்லலாமா என்று நேற்றுவரை யோசித்தேன். அப்படிச் சொன்னால் எனக்கு அடி விழாது. ஆனால் அடுத்த வருடமும் இடம் பார்க்க ஆள் இல்லை என்றுதான் அப்பா சொல்வார். அதனால் என் பெயரைச் சொல்லி, சீர்காழியை ரீத்தா பார்த்தாள் என்றே சொல்லுங்கள். தனியாகப் போனாள், படுத்துப் பார்த்தாள், கதவு தாங்கும் என்று சொல்லுங்கள். அப்பா கோபப்பட்டால் அம்மாவின் பக்கத்தில் யாராவது

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "இன்னா பண்ற உள்ள? தாழ எடு" என்கிறார். நான்