காணாமல் போனது நான் என்றார்கள்

தந்தி வந்தது காலை பத்து இருபதுக்கு. நேரத்தில் எனக்குச் சந்தேகமில்லை. வரும் தபாலின் மேல் நேரம் குறிப்பது என் வேலை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த அவசரகாலத்தின்போது ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தேன். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் துப்பாக்கிக் காவலர்களை நிறுத்தியிருந்த காலம்.

ராணுவப் பதிவு அலுவலகம் தோட்ட மேலாளரான வெள்ளைக்காரத் துரைக்கு அனுப்பிய தந்தி அது. ஓர் எண், அடுத்து என் பெயர், காட்டு நடவடிக்கையில் காணவில்லை என்ற செய்தி. அவ்வளவுதான். துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"கிராணி, நீ காணாம போயிட்டியாம். லீவு எழுதிக் குடுத்தியா?"

நான் சிரித்தேன். வருடங்கள் போன பிறகும் அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டக் காவலர்களின் பட்டியலில் கையெழுத்திட்டு அதே பதிவு அலுவலகத்துக்கு அனுப்புவது நான். போன மாதம்தான் கையெழுத்துப் போட்டவனையே காவலன் என்று நினைத்து, எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் அனுப்பிவைத்திருந்தார்கள். இதுவும் அந்தக் குளறுபடியில் சேர்ந்தது என்று நாங்கள் முடிவு கட்டினோம். அன்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்தபோது காவலர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஆகவே நானே பதிலைத் தட்டச்சு செய்தேன்: 'மேற்படி நபர் எங்கள் தோட்டத்தில் நலமாகப் பணியில் இருக்கிறார். தங்கள் தகவல் தவறானது.' துரை கையெழுத்திட்டார். கடிதம் பன்னிரண்டு மணி பஸ்ஸில் போய்விட்டது.

ராணுவத்தில் என் மகன் இருந்தான். பத்தொன்பது வயது. அப்படியிருந்தும் அவன் நினைவு எனக்கு ஏன் வரவில்லை என்று என் மனைவி பிறகு பலமுறை கேட்டாள். முகாம் ஸ்டோரில் வேலை என்று அவன் எழுதியிருந்தான். கம்பளி மடித்து மடித்துக் கை மரத்துப்போகிறது என்று கடிதத்துக்குக் கடிதம் அலுத்துக்கொள்வான். கம்பளி மடிப்பவன் காட்டில் எப்படித் தொலைவான்?

பகல் சாப்பாட்டின்போது மனைவி, "மூணு வாரமா தம்பிகிட்டருந்து லெட்டர் இல்லையே" என்றாள். என் கை சோற்றில் அப்படியே நின்றது.

அவன் படையில் சேர்ந்தபோது விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். அதில் முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப்பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பன் பெயர்தான். முதல் கட்டத்தில் அவன் பெயரையும் இரண்டாவதில் என் பெயரையும் பெரிய எழுத்தில் அழகாக எழுதினேன். படையில் ஆளைக் குடும்பப்பெயரால்தான் அழைப்பார்கள் என்பது இருபது வருடம் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்குத் தோன்றவில்லை. காணாமல் போகாத என் பெயரில் என் மகனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம், அவன் சுகமாக இருக்கிறான் என்று நானே எழுதி நிறுத்திவிட்டேன்.

மறுநாள் மலாக்கா டவுனில் இருந்த பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே தலைமைக் குமாஸ்தா ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைப்பையில் இரண்டு பேனா. எங்கள் கடிதத்தை எடுத்து என் முன் வைத்தார்.

"இது உங்கட தோட்டத்துக் கடிதம்தானே?"

"ஆமாங்க. ஆனா அது நான். காணாம போனது என் மகன்."

"ஆள் நலமா வேலையில இருக்கிறார் எண்டு போட்டிருக்கு. துரையே கையெழுத்து வச்சிருக்கிறார். பைலை மூடியாச்சு."

"அந்தப் பேரு என்னோடது, ஐயா. நான்தான் உயிரோட உங்க முன்னால நிக்கிறேனே."

"அப்ப கடிதம் சரிதானே" என்றார் அவர். கெட்டவர் இல்லை. எனக்கு நாற்காலி போட்டார், காப்பியும் வரவழைத்தார். ஆனால் மூடிய பைலைத் திறக்க அவருக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். அந்த உத்தரவைக் கேட்டு எழுத ஒரு விண்ணப்பம் வேண்டும். அந்த விண்ணப்பத்திலும் அதே இரண்டு கட்டங்கள் இருந்தன. இந்த முறை எதில் எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் முகாமுக்கே கிளம்பினேன். எங்கேயோ இருக்கிறான், பார்த்தால் கொடுங்கள் என்று மனைவி புளிச்சோறு கட்டித் தந்தாள். வேலி வாசலில் எங்கள் தோட்டத்துக் காவலனே பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கிராணியாரே, சோறு வெளிய போகக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"என் மகனுக்குடா."

"காட்டுல இருக்கிறவங்களும் யாரோட மகனோதான். வச்சிட்டுப் போங்க."

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச்சேராமல் இருக்க வந்த அந்த உத்தரவைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டியவனும் நான்தான். வைத்துவிட்டுப் போனேன்.

முகாம் ஸ்டோரில் ஒரு மலாய் சார்ஜன்ட் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பின்பு வந்திருப்பது வயதான ஆள் என்று கவனித்துக் குழம்பினார். அங்கே எல்லோரும் மகனை என் பெயரால்தான் அழைத்திருக்கிறார்கள். அவன் திருத்தவே இல்லையாம். ஸ்டோரில் அவன் இருந்தது பதினோரு நாள். கம்பளி வாடை பிடிக்கவில்லை என்று தானே கேட்டு ரோந்துப் படைக்குப் போயிருக்கிறான். பந்தில் கோல் காப்பான், சமையல்காரரோடு மிளகாய்க்குச் சண்டை போடுவான், மலாய் பாட்டு நாலு தெரியும் என்றார் சார்ஜன்ட். என் வீட்டில் வாயைத் திறக்காத பையன் அவன். அவனோடு போனவர்கள் இன்னும் காட்டைவிட்டு வரவில்லை, வந்தால்தான் விவரம் தெரியும் என்று அவர் சொல்லிவிட்டார்.

நான் திரும்பி வந்து மச்சினனிடம் சொன்னேன். காரியம் செய்துவிடலாம், பதினாறு தாண்டிப் போகிறது என்றான். மனைவி அவனை வாசலைவிட்டு இறங்கச் சொன்னாள். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. தெரியாமல் எதைச் செய்வது? உயிரோடிருக்கும் பிள்ளைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவா? செத்துப்போன பிள்ளையைச் சடங்கில்லாமல் விடவா?

ஆனால் பதிவு அலுவலகத்துக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆள் காணாமல் போகவில்லை என்று பைல் சொல்கிறது. ஆள் முகாமிலும் இல்லை. அப்படியென்றால் ஓடிப்போனவன். இரண்டு ராணுவப் போலீஸார் ஜீப்பில் வந்து எங்கள் வீட்டைச் சோதித்தார்கள். கட்டிலடியில் குனிந்து பார்த்தார்கள். அரிசித் தகரத்தைக்கூடத் திறந்தார்கள், அதற்குள் என் மகன் ஒளிந்திருப்பானோ என்னவோ. அவர்கள் திறந்துபோட்டதையெல்லாம் நான் பின்னாலேயே மூடிக்கொண்டு போனேன். மனைவியோ அவர்களுக்குத் தேத்தண்ணீர் கலந்து கொடுத்தாள்.

"தேடுறாங்கன்னா இருக்கான்னுதானே அர்த்தம்" என்றாள் என்னிடம். அன்றைக்குத்தான் அவள் ஒரு மாதத்துக்குப் பிறகு தலை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். அவன் வந்தால் போட்டுக்கொள்ளச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். நான் பெருங்கோபத்தோடு துரை முதல் அமைச்சகம் வரை கடிதம் எழுதிக் குவித்தேன். என் மகன் ஓடிப்போனவன் அல்ல, காணாமல் போனவன் என்று நிரூபிக்க ஒரு தகப்பன் படும் பாட்டைப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாசின் பஸ்ஸிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் இறங்கி வந்தான். சாதாரணச் சட்டை, ஆனால் ராணுவ முடிவெட்டு. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தான். மனைவி பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வராமல் படியருகே நின்றான்.

"ஐயா, உங்க மகனும் நானும் படையில ஒரே செக்சன். காட்டைவிட்டு வந்ததுமே ஆஸ்பத்திரில போட்டுட்டாங்க, அதான் லேட்டு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆத்தைக் கடக்கும்போது வெள்ளம். கயிறு அறுந்துருச்சு. நாலாம் நாள்தான் கீழ வளைவுல கிடைச்சான். தூக்கிட்டு வர வழியில்ல, அங்கேயே மண்ணு போட்டோம். நானும் போட்டேன். ஆபிசர் எழுதி அனுப்பினாரே, உங்களுக்கு வரலையா?"

வரவில்லை என்று தலையசைத்தேன். பின்கட்டில் கொடியிலிருந்து துணியை உருவும் சத்தம் கேட்டது. அவனும் அதைக் கேட்டான்.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமாய்யா," என்றான், "இல்ல நீங்களே சொல்லிடுறீங்களா?"